பிந்தி விழுந்த அடி

மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசிக்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பேக்கரிக்குப் பின்னால் மாவு அடுக்கி வைக்கிற ரூம் அது. மூணு பக்கமும் கூரை வரைக்கும் மூட்டை. எவ்வளவு அடித்தாலும் சத்தம் தெருவுக்குப் போகாது, மூட்டையே குடித்துவிடும். அதனால்தான் முதலாளியம்மா அந்த ரூமைக் கொடுத்தாள். "அடிச்சுத் தொலைங்க. ஆனா மாவு மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுது, மூணு பேரையும் பிசைஞ்சு அடுப்புக்குள்ள தள்ளிடுவேன்" என்று சொல்லித்தான் சாவியை நீட்டினாள். வாய்தான் அப்படி. வாசிக்கிற நாளில் நாலு பன்னும் ஒரு கூஜா டீயும் அவளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

ட்ரம்ஸ் வாசிக்கிறவன் அந்த பேக்கரியிலேயே ரொட்டி போடுகிறவன். கூடப்பிறந்த மூணு பேரில் மூத்தவன், அதனால் எல்லோருக்கும் அண்ணன். அடுத்தவள் பேஸ் கிட்டார். நடுவில் பிறந்ததால் அவளுக்கு மத்தி என்று பேர் விழுந்துவிட்டது. "மீன் பேரையா வெச்சாங்க?" என்று கேட்கிறவர்களிடம், "ஆமா, முள்ளும் உண்டு, பார்த்துத் தின்னுங்க" என்பாள். கடைக்குட்டி சாக்ஸபோன். ஊதிக்கொண்டே இருப்பதால் அவன் ஊதி. பகலில் செல்போன் ரிப்பேர் கடையில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவர்கள் வாசிக்கிறது என்ன ரகம் என்று கேட்டால் மூணு பேரும் மூணு பதில் சொல்வார்கள். சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரே ரூம், ஒரே டேப் ரெக்கார்டர். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வீட்டில் முட்டை உடைத்து ஊற்றுவதும், பிள்ளைகளைக் குளிக்க விரட்டுவதும், சண்டையை விலக்குவதும் எல்லாம் அண்ணன்தான். அவனுக்கு ராக் வேணும், மத்திக்கு ஃபங்க், ஊதிக்கு ஜாஸ். டேப் ரெக்கார்டர் பட்டனை அமுக்குவதற்கு அடிதடி. கடைசியில் அண்ணன் சொன்னான், "யாரும் போட வேணாம். அவங்கவங்களுக்குப் பிடிச்சதை நாமளே ஒண்ணா வாசிப்போம். எது ஜெயிக்குதோ ஜெயிக்கட்டும்." எதுவும் ஜெயிக்கவில்லை. ராக்கோட முரட்டு அடி ஒரு பக்கம், மத்தியின் விரல் துள்ளுகிற துள்ளல் ஒரு பக்கம், அதுக்கு மேல ஊதியின் சாக்ஸ் தன் பாட்டுக்கு ஊர் சுற்றிவிட்டு வரும். அதுதான் அவர்களுடைய ரகம்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. அது வந்த கதை வேடிக்கை. ஏதோ ஒரு கம்பெனி ஆண்டுவிழா, முதல் மேடை. நடுப்பாட்டில் ஊதியின் சாக்ஸ் வாலை மிதித்த பூனை மாதிரி கீச்சென்று கத்திவிட்டது. பயல் முகம் செத்துப்போச்சு. அண்ணன் கண் சிமிட்டக்கூட இல்லை, அந்த இடத்திலேயே ஒரு அடி வைத்தான். மத்தி அதே இடத்தில் தடிமனாக ஒரு சுரத்தைப் போட்டாள். அடுத்த சுற்று வந்தபோது மூணு பேரும் வேண்டுமென்றே அந்தக் கீச்சை வாசித்தார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. இறங்கி வந்ததும் அண்ணன் சட்டம் போட்டான். "இனிமே இதுதான். ஒருத்தன் தடுமாறினா மத்த ரெண்டு பேரும் அங்க போயிடணும். யாரும் யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது. அப்புறம் அதைப் பத்திப் பேசவும் கூடாது. பேசினா தடுமாறினவனுக்கு வலிக்கும்."

நல்ல சட்டம்தான். யார் குறை சொல்ல முடியும்? ஆனால் பாருங்கள், அந்தச் சட்டம்தான் அவர்கள் தலையில் கல்லைப் போட்டது.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். மத்தி வேலை பார்த்த லாண்டரியில் மூச்சு விட நேரமில்லை. ஓட்டல்காரன் படுக்கை விரிப்பு, கிளினிக்காரன் கோட்டு, எதுவும் காயவில்லை, எல்லாம் ஈரத்தோடு வந்து மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் விரிப்பை இழுத்துப் போடுவாள், காலால் இஸ்திரி மெஷினின் மிதியை அமுக்குவாள், புஸ்ஸென்று நீராவி கிளம்பும், மடிப்பாள், அடுத்தது. பேஸ் வாசிக்கிற கையும் காலும் அல்லவா, வேலையும் ஒரு தாளத்தில்தான் ஓடும். பக்கத்து மேஜைக்காரிகள் அவளைப் பார்த்துத் தங்கள் வேகத்தை வைத்துக்கொள்வார்கள்.

அண்ணி வந்து நின்றாள். குடையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேலையா இருக்கியா?"

"இல்ல அண்ணி, நீராவிக் குளியல் போட்டுக்கிட்டிருக்கேன். என்ன, இந்த மழையில கிளம்பி வந்திருக்கீங்க?"

அண்ணி சிரிக்கவில்லை. அண்ணி சிரிக்கவில்லை என்றால் விஷயம் பெரிசு. மத்தி மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"உங்க அண்ணனுக்கு என்னவோ ஆகுதும்மா."

"என்ன ஆச்சு?"

"நடக்கும்போது பார்த்திருக்கியா? வலது கை வீசுது, இடது கை வீசவே மாட்டேங்குது. உடம்போட ஒட்டிக்கிட்டுத் தொங்குது. சட்டைக்குப் பட்டன் போட ஆரம்பிச்சாருன்னா நான் போய்ப் பால் வாங்கிட்டு வந்துடறேன், இன்னும் போட்டுக்கிட்டிருக்காரு. போடறேன் கொடுங்கன்னா எரிஞ்சு விழறாரு."

"வேலைக் களைப்பா இருக்கும் அண்ணி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். முந்தாநாள் ஒரு தட்டு ரொட்டி கரிக்கட்டையாப் போயிருக்கு. அடுப்புக்கு முன்னாடியே நிக்கறாரு மனுசன். கடைக்கு வந்தவங்கல்லாம் மூக்கைப் பொத்தறாங்க, இவரு வாசனையே வரலைங்கறாரு. ரொட்டி வாசனையை வெச்சே வெந்துச்சா வேகலையான்னு சொல்றவராச்சே மத்தி!"

மத்திக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

"நேத்து நடந்ததைக் கேளு. மாவு மெஷின் ஓடும்போது ஓரத்துல ஒட்டினதை வழிச்சு விடுவாரு இல்ல? வழிச்சுட்டுக் கையை எடுக்கப் பார்த்தாராம். கை வரலையாம். முதலாளியம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைச்சாங்களாம். சட்டைக்கை கிழிஞ்சதோட தப்பிச்சது. என்னைக் கூப்பிட்டு அழுதாங்க. 'டாக்டர்கிட்ட காட்டாம இவனை மெஷின்கிட்ட விடமாட்டேன், ரொட்டியே வேணாம்னு கடையை மூடினாலும் மூடுவேன்'னு சொல்லிட்டாங்க."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"நான் போய்க் கேட்டுட்டேன். நரம்பு சமாச்சாரம் மாதிரி இருக்கு, ஆளைப் பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா தள்ளிப் போடாதீங்க, இப்பவே மருந்து ஆரம்பிச்சா கொஞ்ச காலம் கை நல்லா ஓடும்னு சொன்னாரு. இவரு நகர்ந்தாத்தானே? என்ன சொல்றாரு தெரியுமா?" அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'கையில கோளாறு இருந்தா முதல்ல தாளத்துலதான்டி தெரியும். என் தங்கச்சி காது பாம்புக் காது. ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிச்சிருப்பா. அவ ஒண்ணும் சொல்லலையே'ங்கறாரு. எடுத்ததுக்கெல்லாம் உன் பேரைத்தான் சொல்றாரு. அதான் உன்கிட்ட வந்து நிக்கறேன்."

மேஜை மேலே விரிப்பு ஈரமாகவே கிடந்தது. மேஸ்திரி தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தான். மத்தி மிதியை அமுக்கினாள். நீராவி கிளம்பி அண்ணியின் முகத்தை மறைத்தது.

மறுநாள் விடிகாலையில் லாண்டரிக்குப் போகிற வழியில் பேக்கரிக்குள் நுழைந்தாள். அடுப்பு வெக்கை மழைக்கு இதமாக இருந்தது. அண்ணன் மேஜையில் மாவை உருட்டிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் ரெண்டு கையிலும் ரெண்டு உருண்டை ஒரே நேரத்தில் சுழலும். இப்போது வலது கை உருட்டியது, இடது கை சும்மா மாவின் மேல் இருந்தது. மாவு மெஷின் பக்கம் போகாதபடி முதலாளியம்மா ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டு அதில் தானே உட்கார்ந்திருந்தாள்.

"வாடி மத்தி. உங்கண்ணி அனுப்பினாளா?" என்றான் அண்ணன்.

"நானா வரக் கூடாதா? பசிக்குது."

"பொய் சொல்லாத, உனக்குச் சின்னதுலேர்ந்தே பொய் வராது. இந்தா." சூடாக ஒரு பன்னைப் பிட்டு வெண்ணெய் தடவிக் கொடுத்தான். தடவுவதற்குள் வெண்ணெய் உருகி மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி அவள் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, ஒரு தடவ போய்க் காட்டிட்டு வந்துடேன். ஒண்ணுமில்லைன்னா நிம்மதி."

"வியாதி இருக்கறவனுக்குத்தான் டாக்டர். எனக்கு என்ன இருக்கு? வயசாகுது. கை கொஞ்சம் மரத்துப் போகுது. அதுக்குப் போய் ஊரைக் கூட்டறா உங்கண்ணி."

"மெஷின்ல கை போயிருக்குமே."

"போகல இல்ல?"

"போயிருந்தா?" என்றாள் முதலாளியம்மா ஸ்டூலில் இருந்து. "போயிருந்தா ரொட்டிக்கு ஜாம் தேவைப்பட்டிருக்காது."

அண்ணன் சிரித்தான். மத்திக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தாங்கவில்லை. முகத்தில் பாதிதான் சிரித்தது.

"இங்க பாரு," என்று அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "வயித்து வலின்னா நான் போவேன். கண்ணு தெரியலைன்னா போவேன். கைன்னா எனக்குத் தெரியாதா? இந்தக் கையாலதான் அந்த ரெக்கார்டு வாசிச்சேன். ரேடியோக்காரன் என்ன சொன்னான்? நீயும்தானே கேட்ட?"

கேட்டாள். யார் கேட்கவில்லை? போன வருசம் அவர்கள் ஒரு ரெக்கார்டு போட்டார்கள். ஒரு சாயங்காலம் ரேடியோவில் அதைப் போட்டுவிட்டு அறிவிப்பாளர் அண்ணனைப் பற்றி மட்டும் பேசினார். "இந்த ட்ரம்ஸ்காரர் அவசரப்படறதே இல்லை. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பிந்தித்தான் விழுது, சாய்வு நாற்காலியில உக்காந்துக்கிட்டு வாசிக்கிற மாதிரி. இந்தச் சுகத்தை வேற யார்கிட்டயும் நான் கேட்டதில்லை" என்றார். காலமெல்லாம் சாக்ஸ்காரனைத்தான் பாராட்டுவார்கள். ட்ரம்ஸ்காரன் வீட்டுக்குக் கூரை மாதிரி, ஒழுகினால்தான் யாருக்கும் ஞாபகம் வரும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அண்ணன் மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பன் சும்மா கொடுத்தான். முதலாளியம்மா கத்தோ கத்தென்று கத்திவிட்டு, "இன்னும் ரெண்டு தட்டு போடு" என்றாள்.

"கேட்டேண்ணா," என்றாள் மத்தி.

"அப்ப? அந்த மாதிரி வாசிக்கிற கைக்கு வியாதியா? போய் வேலையைப் பாரு. சாயங்காலம் வா, புதுப் பாட்டைப் பார்ப்போம்."

பன்னில் பாதி அவள் கையிலேயே ஆறிப்போனது.

ஊதியின் கடைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனாள். அவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டப்பாவில் இருந்து சோறும் வறுத்த முட்டையும் தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, இயர்போனை எடுத்து ஒன்றை அவள் காதிலும் ஒன்றைத் தன் காதிலும் சொருகினான்.

"போன வாரம்தான் கவனிச்சேன்க்கா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். இது நாம ரொம்ப நாளைக்கு முன்னாடி வாசிச்சது. கூடவே தாள மெஷினை ஓட விட்டிருக்கேன். கேளு."

டிக், டிக், டிக் என்று மெஷின் போனது. அண்ணனின் அடி அதன் உச்சந்தலையிலேயே விழுந்தது. எதிலும் பிசகு இல்லை.

"இது இப்ப வாசிச்சது."

டிக். அப்புறம் அடி. டிக். அப்புறம் அடி. பாட்டு போகப் போக ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி விரிந்துகொண்டே போனது.

"பிந்துறான்," என்றாள் மத்தி.

"அவன் மட்டுமா? பேஸைக் கேளு."

கேட்டாள். அவளுடைய பேஸ் மெஷினோடு இல்லை. அண்ணனின் அடி எங்கே விழுந்ததோ, துளி பிசகாமல் அங்கேயே அவள் விரலும் விழுந்திருந்தது. அவன் எவ்வளவு பிந்தினானோ அவ்வளவு அவளும் பிந்தியிருந்தாள். சாக்ஸும் அப்படியே.

"எனக்குத் தெரியவே தெரியாதுடா," என்றாள்.

"எனக்கும்தான் போன வாரம் வரைக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பேரும் அவனைத் தூக்கிக்கிட்டே வந்திருக்கோம்க்கா. இடுப்புல குழந்தையைத் தூக்கிட்டு நடக்கற மாதிரி. குழந்தைக்குத் தான் நடக்கலைன்னு எப்படித் தெரியும்?"

அவள் இயர்போனைக் கழற்றினாள். அழுகை வந்துவிட்டது. வருசம் பூராவும் அவள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. விரல் காதிடம் சொல்லவில்லை. அவன் விழ விழப் போய்ப் போய்த் தாங்கிக்கொண்டது. அன்றைக்கே ஒரு தடவை தாங்காமல் விட்டிருந்தால், "என்ன மத்தி, எனக்கு என்னவோ கை வரல" என்று அவனே சொல்லியிருப்பான். ஒரு வருசத்து மருந்தை அவள் அல்லவா தடுத்துவிட்டாள்!

"அழாத. இதை அண்ணன்கிட்ட போட்டுக் காட்டிடலாமா?"

"போட்டா என்ன சொல்லுவான்? 'வேணும்னுதான்டா பிந்தி வாசிக்கிறேன், அதைத்தானே ரேடியோவுல கொண்டாடினான்'னு சொல்லுவான். முந்தி வரணும்னு நெனச்சாலும் வர முடியலைன்னு அவனுக்கே தெரியணும்."

"எப்படித் தெரியும்?"

மத்தி மேஜை மேல் டிக், டிக் என்று மெஷின் தாளத்திலேயே விரலால் தட்டினாள். ஷட்டருக்கு அடியில் மழைத்தண்ணீர் ஓடுவது தெரிந்தது. ஊதிக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, வேணாம்க்கா. அது வேற மாதிரி வலிக்கும்."

"மெஷின்ல கை போனா வலிக்காதா?"

"நம்ம யாரும் யாரையும் அப்படி..."

"தெரியும்டா. நீ சாயங்காலம் என் பின்னாடி வா. அவன் பின்னாடி போகாத. அவன் மூஞ்சியைப் பார்க்காத, பார்த்தா நீ போயிடுவ. என்னைப் பாரு."

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மாவு ரூமில் ஈரம் ஏறாமல் இருக்க முதலாளியம்மா மூட்டைகள் மேல் தார்ப்பாய் போட்டிருந்தாள். அண்ணன் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். உற்சாகமாக இருந்தான். அண்ணி சமையலறைப் பக்கம் முதலாளியம்மாவோடு நின்றாள். அவளுக்கு மத்தி ஒன்றும் சொல்லவில்லை. "சும்மா வந்து நில்லுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"பழைய பாட்டையே ஒரு தடவ ஓட்டிட்டுப் புதுசுக்குப் போவோம்," என்றான் அண்ணன். ரேடியோக்காரர் பாராட்டிய அதே பாட்டு.

அவன் ஆரம்பித்தான். ஊதி கண்ணை மத்தி மேல் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மத்தி வாசித்தாள். முதல் சுற்று வரை விரல் பழக்கத்தில் அண்ணனிடமே ஓடியது. இழுத்துப் பிடித்தாள். இழுத்துப் பிடிப்பதென்றால் சும்மா இல்லை, அம்மாவின் கையை உதறிவிட்டுச் சாலையைக் கடக்கிற மாதிரி இருந்தது. மனசுக்குள் லாண்டரி மிதியை நினைத்துக்கொண்டாள். அமுக்கு, புஸ், மடி. அமுக்கு, புஸ், மடி. அது யாருக்காகவும் நிற்காது.

ரெண்டாவது சுற்றில் அண்ணன் தலையைத் தூக்கினான்.

"என்ன மத்தி, ஓடற?"

அவள் ஓடவில்லை. வாசித்துக்கொண்டே போனாள்.

"ஏய், ரயிலைப் பிடிக்கணுமா? இரு, வர்றேன்."

அவன் வந்தான். வரப் பார்த்தான். வலது கை வந்துவிட்டது. இடது கை வரவில்லை. நடுவில் இருக்கிற ஸ்னேர் ட்ரம் மேல் விழ வேண்டிய அடி விளிம்பில் விழுந்தது. அடுத்தது விழவே இல்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தோளை ஆட்டி அந்தக் கையைக் கிளப்பினான். குச்சி விரலில் இருந்து நழுவித் தரையில் உருண்டு ஒரு மூட்டையில் முட்டி நின்றது. ஒரு கையால் வாசித்தான். அதுவும் குழம்பியது. நின்றுவிட்டான்.

மத்தியும் ஊதியும் நிறுத்தினார்கள். அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறையில் கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் தன் இடது கையைத் தொடை மேல் வைத்துப் பார்த்தான். வேறு யாருடையதோ கையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"எவ்வளவு காலமா?" என்றான்.

"ஒரு வருசமா இருக்கும்ணா. ரெக்கார்டுக்கு முன்னாடியிலேர்ந்தே."

"நீ எனக்காக நின்னு நின்னு வந்திருக்க."

"தெரியாதுண்ணா. சத்தியமா தெரியாது. விரல் அதுவா வந்துடுச்சு. இன்னைக்குத்தான் தெரியும்." கிட்டாரை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "என்னைத் திட்டுண்ணா. நான் அப்பவே விட்டிருந்தா நீ அப்பவே டாக்டர்கிட்ட போயிருப்ப."

"உன்னை எதுக்குத் திட்டணும்? சட்டம் போட்டவன் நான்."

அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"அப்ப ரேடியோக்காரன் சொன்னது?"

ஊதி சாக்ஸின் விசைகளை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தச் சாய்வு நாற்காலி," என்றான் அண்ணன். "அவரு சொன்னாரே, யார்கிட்டயும் கேட்டதில்லைன்னு. அது நான் வாசிச்சது இல்ல. வியாதி வாசிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அதுக்குப் பக்கவாத்தியம் வாசிச்சிருக்கீங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஊர் பூரா பன்னு கொடுத்தேனேடா."

"நீதாண்ணா வாசிச்ச," என்றான் ஊதி. "வேற யாரு வாசிச்சாங்க? அந்தக் கையை வெச்சுக்கிட்டு நீதான் வாசிச்ச."

"சும்மா இரு."

அண்ணி உள்ளே வந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்று, மாவு படிந்த அவன் தலையில் கையை வைத்தாள். ஊரறிய அப்படிச் செய்கிறவள் இல்லை அவள். அவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"நாளைக்கு வர்றேன்," என்றான். "எந்த டாக்டர்னாலும் சரி. ஊசி, மாத்திரை, என்ன சொன்னாலும் கேக்கறேன். போதுமா?"

"போதும்," என்றாள் அண்ணி.

ஊதி சாக்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைக்கக் குனிந்தான். அண்ணன், "இரு, வைக்காத" என்றான். "அந்தக் குச்சியை எடு."

ஊதி எடுத்துக் கொடுத்தான். அண்ணன் வலது கையால் வாங்கி, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கி வைத்தான்.

"இன்னொரு தடவ வாசிப்போம். முழுப் பாட்டும்."

"வேணாம்ணா," என்றாள் மத்தி.

"வேணும். நான் உன்னைத் துரத்த மாட்டேன். என் கை போற வேகத்துல நான் போறேன். நீ உன் வேகத்துல போ. எவ்வளவு தூரத்துல நிக்கறேன்னு எனக்குக் கேக்கணும். ஒரு வருசமா ஒருத்தரும் சொல்லலையே எனக்கு."

"என்னால முடியாதுண்ணா."

"இப்பத்தானே முடிஞ்சுது? நீ எனக்காக நின்னா, பாட்டு அத்தோட சரி. நானே நிறுத்திடுவேன்."

அவள் எழுந்தாள். வாரைத் தோளில் போட்டுக்கொண்டாள். யாரும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணவில்லை. அண்ணன் மூச்சை இழுத்தான், மூணு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரம் சேர்ந்தே போனார்கள். அப்புறம் அவன் கை பின்வாங்க ஆரம்பித்தது. மத்தி கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் விரல் திரும்பிப் போகப் பார்த்தது, ஒவ்வொரு அடிக்கும் அவள் அதை இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். ஊதி அவளோடு வந்தான். பின்னால் ட்ரம்ஸ் கேட்டது. பிசகாமல், கோபமில்லாமல், தன் வேகத்தில் ஒவ்வொரு அடியாக வைத்துக்கொண்டு வந்தது. முதலில் ஒரு அடி தூரம். அப்புறம் ஒரு வரி தூரம். அப்புறம் அவர்கள் பாட்டின் ஒரு தெருவிலும் அவன் வேறொரு தெருவிலும் இருந்தார்கள்.

அவளும் ஊதியும் பாட்டின் கடைசிச் சுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அமர்த்தினாள். ஊதி வாயிலிருந்து சாக்ஸை எடுத்துவிட்டான்.

அண்ணன் இன்னும் வந்துகொண்டிருந்தான். கடைசி அடி விழுகிற வரைக்கும் ரெண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.